பதினேழு பேர் கண்ணும் ஒரு லேசர் விளக்கும்

ப்ரிவ்யூ தியேட்டர்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒரு படம் மனசுல ஓடும். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன ஹால், ஐம்பது அறுபது சீட், படம் முடிஞ்சதும் வெளியே மைக்கோட நிக்கிற டிவிக்காரங்க, "ஃபர்ஸ்ட் ஹாஃப் விறுவிறுப்பு சார்"னு சொல்லிட்டு காருக்கு ஓடுற இயக்குநர்கள். ஃபோர் ஃப்ரேம்ஸ், குட்லக் மாதிரி பேரெல்லாம் சினிமா செய்தி படிக்கிறவங்களுக்குப் பழக்கம்தான். ஆனா இந்தச் சின்ன ரூமுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதுல ஓடுற விளக்கோட வரலாறு இன்னும் சுவாரசியம். இப்ப அந்த விளக்கு லேசரா மாறிடுச்சு. "லேசர்ல படம் நல்லா தெரியுமா?"ங்கிற சாதாரணக் கேள்விக்குப் பதில் தேடி நான் படிக்க ஆரம்பிச்சு, கடைசியில 1920கள்ல லண்டன்ல ஒரு கருவிக்குள்ள எட்டிப் பார்த்துட்டிருந்த பதினேழு பேர்கிட்ட போய் நின்னேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க :-)

பெரிய மனுஷங்களோட சின்ன ரூம்

தனியா உக்காந்து படம் பாக்குற ஆசை சினிமாவோட வயசுதான். 1915 பிப்ரவரியில அமெரிக்க வெள்ளை மாளிகையில, அதிபர் உட்ரோ வில்சனுக்கு 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தைப் போட்டுக் காட்டினாங்க. கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தி, கு கிளக்ஸ் கிளான் கும்பலை வீரர்களா காட்டின படம் அது. ஒரு தனி அறையில நடந்த அந்த ஒரு காட்சியே படத்துக்குப் பெரிய விளம்பரமாயிடுச்சு. "யார் பார்த்தாங்க" அப்படிங்கிறதுக்கு "என்ன பார்த்தாங்க"ங்கிறதை விட மதிப்பு அதிகம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

1942ல அதே வெள்ளை மாளிகையோட கிழக்குப் பகுதியில, கோட்டும் தொப்பியும் மாட்டி வைக்கிற இடத்தை ஒரு குட்டி தியேட்டரா மாத்தினாங்க. ரூஸ்வெல்ட் காலம். அதுக்கப்புறம் வந்த அதிபர்கள் எல்லாரும் அங்கே படம் பார்த்தாங்க. 2025 அக்டோபர்ல அந்தக் கிழக்குப் பகுதியையே இடிச்சப்ப தியேட்டரும் சேர்ந்து போயிடுச்சு. கலிபோர்னியாவுல பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் கட்டின மாளிகையில ஐம்பது பேர் உக்கார்ற தியேட்டர் இருக்கு, இன்னிக்கும் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பாக்கறாங்க. ஹாலிவுட்ல 'பெல் ஏர் சர்க்யூட்'னு ஒரு வழக்கம் உண்டு. பெரிய தயாரிப்பாளர், நடிகர் வீடுகளுக்குப் புதுப் படத்தோட பிரிண்ட்டே நேரா போகும். நாம டிக்கெட்டுக்கு வரிசையில நிக்கும்போது அவங்க வீட்டு சோபாவுல.

ஆனா பொழுதுபோக்கு ஒரு பக்கம்தான். ஸ்டூடியோக்களுக்குள்ள இருந்த ப்ரிவ்யூ அறைதான் உண்மையான அதிகார மையம். முந்தின நாள் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பாக்குறது அங்கேதான். லேப்ல இருந்து வந்த முதல் பிரிண்ட்டைப் பார்த்து, "இந்த ஷாட்ல முகம் சிவப்படிக்குது, குறை"ன்னு ஒளிப்பதிவாளர் சொல்றதும் அங்கேதான். அதாவது ஒரு படத்தோட சரியான நிறம் எதுன்னு முடிவாகுற இடம் அந்த அறை. மத்த தியேட்டர் எல்லாம் அதோட நகல். அதனால அந்த அறையில எரியுற விளக்கு மாறினா, "சரியான நிறம்" அப்படிங்கிறதே கொஞ்சம் நகரும். நம்ம கதையோட முடிச்சு இங்கேதான் இருக்கு.

குச்சி எரிஞ்ச காலம்

முதல்ல கார்பன் ஆர்க். ரெண்டு கார்பன் குச்சிகளை நெருக்கமா வெச்சு மின்சாரம் பாய்ச்சினா நடுவுல கண்ணு கூசுற வெளிச்சம் வரும். குச்சி எரிய எரிய இடைவெளி அதிகமாகும், அதைத் தள்ளிக் கொடுத்துட்டே இருக்கணும். புகைக்கு மேலே குழாய் வேணும். 2000 அடி ரீல் ஒண்ணு சுமார் 22 நிமிஷம். அதுக்குள்ள பக்கத்து மெஷின்ல அடுத்த ரீலைப் பூட்டி, குச்சியைச் சரிபார்த்து, திரையோட வலது மேல் மூலையில வர்ற புள்ளியைப் பார்த்து மாத்தணும். நம்ம ஊர் ஆபரேட்டர்கள் பாதி எலெக்ட்ரீஷியன், பாதி கொல்லர். தூக்கிப் போட்ட மிச்சக் குச்சிகளைப் பொறுக்கினதை எங்க மாமா இன்னிக்கும் பெருமையா சொல்லுவார். கூடவே, ஃபியூஸ் போன பல்புக்குள்ள தண்ணி ஊத்தி லென்ஸாக்கி, கண்ணாடியில வெயிலைத் திருப்பி, பொறுக்கின ஃபிலிம் துண்டை வேட்டியில காட்டின கதையும் வரும். அதுவும் ஒரு ப்ரிவ்யூ தியேட்டர்தானே!

1950கள்ல இருந்து செனான் விளக்கு வந்து கார்பனை மெதுவா வெளியேத்துச்சு. குவார்ட்ஸ் குடுவைக்குள்ள அதிக அழுத்தத்துல அடைச்ச செனான் வாயு. குச்சி தள்ள வேண்டாம், புகை இல்ல. ஆனா பல்பு வெடிக்கக்கூடியது. மாத்தும்போது முகக் கவசம், தடிச்ச கையுறை இல்லாம ஆபரேட்டர் கிட்டேயே போகமாட்டார். வயசாக வயசாக வெளிச்சம் மங்கும். சிக்கனம் பாக்குற தியேட்டர்ல பல்பை அதோட ஆயுசையும் தாண்டி ஓட்டுவாங்க. ராத்திரிக் காட்சி எல்லாம் கிணத்துக்குள்ள நடக்கற மாதிரி தெரியும், நாம ஒளிப்பதிவாளரைத் திட்டிட்டு வருவோம்.

கார்பனுக்கும் செனானுக்கும் ஒரு பொது குணம். ரெண்டுமே கிட்டத்தட்ட சூரிய வெளிச்சம் மாதிரி. ஊதாவுல இருந்து சிவப்பு வரைக்கும் எல்லா அலைநீளமும் கலந்து வரும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

கண்ணாடிச் சில்லும் ஸ்டூடியோ சட்டமும்

1987ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல லாரி ஹார்ன்பெக் ஒரு சிப் கண்டுபிடிச்சார். விரல்நகம் சைஸ் சிலிக்கான் மேல லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொண்ணும் ஒரு பிக்சல். கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சா வெளிச்சம் திரைக்கு, மறுபக்கம் சாஞ்சா குப்பைக்கு. ஒரு நொடியில ஆயிரக்கணக்கான தடவை சாயும். எவ்வளவு நேரம் திரைப்பக்கம் சாஞ்சிருக்குங்கிறதுதான் அந்தப் பிக்சலோட பிரகாசம். பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, வெளிச்சத்தையே பூஜ்யமும் ஒண்ணுமா பிரிச்சுட்டார் மனுஷன். 2015ல ஆஸ்கர் குழு அவருக்குச் சிலையே கொடுத்தது.

1999 ஜூன்ல 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபான்டம் மெனஸ்' படம் அமெரிக்காவுல நாலு திரைகள்ல டிஜிட்டலா ஓடுச்சு. ரெண்டுல இந்த டிஎல்பி முறை, ரெண்டுல ஹியூஸ்-ஜேவிசி முறை. ஹாலிவுட் முதலாளிகளுக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஆளாளுக்கு ஒரு முறை வெச்சா குழப்பம். 2002ல டிஸ்னி, ஃபாக்ஸ், எம்ஜிஎம், பாரமவுண்ட், சோனி, யுனிவர்சல், வார்னர்னு ஏழு ஸ்டூடியோவும் சேர்ந்து டிசிஐ அமைப்பை ஆரம்பிச்சாங்க. 2005 ஜூலையில விதிமுறை வெளிவந்தது. 2கேன்னா 2048க்கு 1080, 4கேன்னா 4096க்கு 2160, நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட், நிறத்துக்கு 12 பிட். நம்ம சென்னையில 1986ல ஆரம்பிச்ச ரியல் இமேஜ் நிறுவனமும் இந்த டிஜிட்டல் அலையிலதான் 'க்யூப்'பைக் கொண்டு வந்தது. படம் ஆரம்பிக்கும்போது அந்தப் பேரைப் பார்க்காத தமிழன் உண்டா?

அந்த டிசிஐ விதிமுறையில எனக்குப் பிடிச்ச விஷயம், அது ப்ரிவ்யூ அறையைத் தனியா மதிக்குது. திரையோட நடுவுல வெள்ளை 48 நிட் இருக்கணும். இது பழைய 14 ஃபுட்-லாம்பர்ட் கணக்கு. ஃபிலிம் காலத்துல ஃபிலிம் மாட்டாம 16, மாட்டினா ஃபிலிமோட அடிப்படை மங்கல் போக சுமார் 14. அந்த எண் அப்படியே டிஜிட்டலுக்குக் குடியேறிடுச்சு. முழு வெள்ளைக்கும் முழுக் கருப்புக்கும் உள்ள விகிதம் 2000:1 இருக்கணும். சாதா தியேட்டருக்கு 1200:1 வரைக்கும் குறைய அனுமதி, ஆனா ப்ரிவ்யூ அறைக்கு 1500:1க்குக் கீழே போகக்கூடாது. நீதிபதி நகலை விடக் கொஞ்சம் சுத்தமா இருக்கணுமில்ல?

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 48ஐ 2000ஆல வகுத்தா 0.024 நிட். அதுதான் சிறந்த செனான் ப்ரொஜெக்டர்ல நாம பார்த்த "கருப்பு". இருட்டுல கண்ணு பழகினதும் அது கருப்பில்ல, சாம்பல். விண்வெளிப் படங்கள்ல நட்சத்திரத்துக்குப் பின்னாடி லேசா ஒரு பால் படிஞ்ச மாதிரி இருக்குமே, அதேதான்.

லேசர் வந்த வழி

1960 மே 16ஆம் தேதி கலிபோர்னியாவுல ஹியூஸ் ஆராய்ச்சிக் கூடத்துல தியோடர் மைமன் முதல் லேசரை எரிய வெச்சார். ரூபி கல்லுல இருந்து வந்த சிவப்பு வெளிச்சம். அந்தக் கூடம் ஹோவர்ட் ஹியூஸோட கம்பெனியைச் சேர்ந்தது. இந்த ஹியூஸ் யாருன்னா, விமானம் ஓட்டினவர், படம் எடுத்தவர், 1940களோட கடைசியில ஒரு ப்ரிவ்யூ அறைக்குள்ள போய் மாசக்கணக்குல வெளியே வராம படம் பார்த்துட்டே கிடந்தார்னு அவரோட வாழ்க்கை வரலாறுகள் சொல்ற அதே ஆள். ப்ரிவ்யூ அறையை விட்டு வெளியே வராத மனுஷனோட கம்பெனியிலதான், ப்ரிவ்யூ அறையோட விளக்கையே மாத்தப்போற பொருள் பொறந்தது. வரலாறு சில நேரம் மசாலாப் பட ரைட்டர் மாதிரி வேலை பாக்கும்.

ஆனா 1960க்கும் சினிமா லேசருக்கும் நடுவுல அரை நூற்றாண்டு. காரணம் நிறம். படத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூணும் வேணும். நீல லேசர் டையோடு 1990கள்ல நிச்சியா நிறுவனத்துல ஷுஜி நகமுரா செஞ்சு காட்டினப்புறம்தான் நடைமுறைக்கு வந்தது. பச்சை இன்னும் அடம்பிடிச்சது. நேரடிப் பச்சை டையோடு 2009 வாக்குலதான் வந்தது. அதுவரைக்கும் கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை ஒரு படிகத்துல விட்டு பாதியாக்கி 532 பச்சை எடுத்தாங்க.

இன்னொரு தடை சட்டம். அமெரிக்காவுல லேசர் ப்ரொஜெக்டரை லேசர் ஷோ மாதிரியே வெச்சுப் பார்த்தாங்க, தனித்தனியா அனுமதி வாங்கணும். தயாரிப்பாளர்கள் 2011ல ஒரு சங்கம் வெச்சுப் போராடி, 2015ல அந்த விதி தளர்ந்தது. நடுவுல கோடாக் 2010ல செஞ்சு காட்டி அடுத்த வருஷம் ஐமேக்ஸுக்கு உரிமம் கொடுத்தது. 2013ல கலிபோர்னியா பர்பேங்க்ல ஒரு தியேட்டர்ல கிறிஸ்டி லேசர்ல 'ஜி.ஐ. ஜோ: ரிட்டாலியேஷன்' ஓடுச்சு. 2014 டிசம்பர்ல டொரன்டோவுல ஐமேக்ஸ் லேசர், அதே மாசம் நெதர்லாந்து ஐன்ட்ஹோவன்ல முதல் டால்பி சினிமா. டால்பி சொன்ன எண்கள் 108 நிட் வெள்ளை, 10 லட்சத்துக்கு ஒண்ணு விகிதம். அதாவது கருப்பு சுமார் 0.0001 நிட். செனானோட 0.024 எங்கே, இது எங்கே!

சின்ன ரூமுக்குள்ள நடக்கிற கணக்கு

லேசர்னு பொத்தாம்பொதுவா சொன்னாலும் ரெண்டு சாதி உண்டு. லேசர் பாஸ்பர்னா நீல லேசரை ஒரு மஞ்சள் பாஸ்பர் சக்கரத்துல அடிச்சு, அதுல இருந்து வர்ற மஞ்சளைப் பிரிச்சு பச்சையும் சிவப்பும் எடுக்கறது. மலிவு, ஆனா சிவப்பு கொஞ்சம் சோனி. ஆர்ஜிபி லேசர்னா மூணு நிறத்துக்கும் தனித்தனி லேசர். விலை எகிறும், நிறம் சுத்தம். கடையில "லேசர்"னு மட்டும் எழுதியிருந்தா எந்தச் சாதின்னு கட்டாயம் கேளுங்க.

இப்ப ப்ரிவ்யூ அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்? 4 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரத் திரைன்னா 8.4 சதுர மீட்டர். சாதா வெள்ளைத் திரையில 48 நிட் வரணும்னா 48 × 3.14 × 8.4, சுமார் 1,270 லூமன் போதும். 20 மீட்டர் அகலத் தியேட்டர் திரைக்கு இதே கணக்கு 30,000 லூமனைத் தாண்டும். ஆக சின்ன ரூமுக்குத் தட்டுப்பாடு வெளிச்சம் இல்ல, அதிக வெளிச்சம்தான் தொல்லை. செனானை ஒரு அளவுக்கு மேல குறைச்சா ஆர்க் தடுமாறும், அதனால ஃபில்டர் போட்டுக் குறைச்சாங்க. லேசரைக் கரண்ட்டைக் குறைச்சே வேண்டிய அளவுக்கு இறக்கலாம். 20,000, 30,000 மணி நேரம் ஆயுசு சொல்றாங்க. இன்னிக்குப் பார்த்த வெளிச்சமும் ஆறு மாசம் கழிச்சுப் பாக்குற வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். நிறத்தை முடிவு செய்யற அறைக்கு இதை விடப் பெரிய வரம் இல்ல.

ஆனா அந்த 10 லட்சத்துக்கு ஒண்ணு? அது ப்ரொஜெக்டரோட குணம், ரூமோட குணம் இல்ல. திரையில பாதி வெள்ளை, பாதி கருப்பா ஒரு காட்சி வருதுன்னு வைங்க. சராசரி 24 நிட். இந்த வெளிச்சம் சுவர், கூரை, உங்க வெள்ளைச் சட்டைன்னு பட்டுத் திரும்பி 1 சதவீதம் மட்டும் திரைக்கு வந்தாலே 0.24 நிட். செனானோட சாம்பல் கருப்பை விட அது 10 மடங்கு அதிகம்! லேசரோட கருப்பைப் பத்திப் பேசவே வேண்டாம். லட்சக்கணக்குல செலவு பண்ணி லேசர் வாங்கிட்டு கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறவங்க, முதல்ல நாலு தான் கருப்பு வெல்வெட் வாங்கினா அதிக லாபம். நல்ல ப்ரிவ்யூ அறைகள் எல்லாம் குகை மாதிரி இருக்கறது அலங்காரத்துக்கு இல்ல.

அடுத்தது மினுமினுப்பு. ஆங்கிலத்துல ஸ்பெக்கிள்னு சொல்வாங்க. லேசரோட அலைகள் எல்லாம் ஒரே தாளத்துல வர்றதால, சொரசொரப்பான திரையில பட்டுச் சிதறும்போது ஒண்ணோட ஒண்ணு கூடியும் கழிஞ்சும் மணல் தூவின மாதிரி ஒரு கோலம் போடும். விசேஷம் என்னன்னா, அந்தக் கோலம் உருவாகறது உங்க கண்ணுக்குள்ளேயே. தலையை லேசா அசைச்சா கோலமும் அசையும். ஆகாயம், முகம் மாதிரி சமமான பரப்புல, அதுவும் சிவப்பு பச்சையில நல்லா தெரியும். இதைக் கலைக்க ஒரே நிறத்துல கொஞ்சம் கொஞ்சம் வேற அலைநீள லேசர்களைக் கலப்பாங்க, சுத்துற மங்கல் கண்ணாடி வைப்பாங்க, சில இடத்துல திரைக்குப் பின்னாடி அதிர வைக்கிற மோட்டாரே மாட்டுவாங்க. வெள்ளித் திரையில இந்தத் தொல்லை கூடுதல், மேட் வெள்ளைத் திரையில குறைவு.

"லேசர்ல நிறம் அதிகம்"னு விளம்பரம் சொல்றதுல பாதிதான் உண்மை. 2012ல வந்த ரெக். 2020 தரம் கேக்குற 630, 532, 467 நானோமீட்டர் சுத்த நிறங்களை லேசராலதான் நெருங்க முடியும். ஆனா நம்மகிட்ட வர்ற படங்கள்ல பெரும்பாலானது பி3ங்கிற சின்ன வட்டத்துக்குள்ள நிறம் பார்த்து முடிவு பண்ணது. பெரிய பாத்திரத்துல ஊத்தினா ரசம் கூடிடாது.

வேட்டி வெள்ளையா?

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் பொறியியல். இனிமேதான் மேட்டர்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நண்பர் புண்ணியத்துல, ஆர்ஜிபி லேசர் மாட்டின ஒரு கிரேடிங் அறையில அரை நாள் உக்கார வாய்ப்பு கிடைச்சது. மூத்த ஒளிப்பதிவாளர் ஒருத்தர், வயசு அறுபதை நெருங்கும். கிரேடிங் பண்ற பையன் என் வயசு. திரையில ஒரு கிராமத்துப் பெரியவர் வெள்ளை வேட்டியோட திண்ணையில இருக்கார்.

"தம்பி, அந்த வேட்டி உனக்கு வெள்ளையா தெரியுதா?"

"ஆமா சார், சுத்த வெள்ளை."

"எனக்கு லேசா பச்சை அடிக்குதேப்பா."

பையன் மீட்டரை எடுத்து அளந்தான். விதிமுறை சொல்ற வெள்ளைப் புள்ளி, x 0.314, y 0.351. துல்லியமா உக்காந்திருந்தது. "மீட்டர் சரின்னு சொல்லுது சார்." அவர் சிரிச்சுட்டு, "மீட்டர் டிக்கெட் வாங்குமாப்பா?"ன்னார். அறையில சிரிப்பு. ஆனா நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல. ரெண்டு பேருமே பொய் சொல்லல, மீட்டரும் பொய் சொல்லல. அப்புறம் எப்படி?

அந்த x, y எண்கள் எங்கே இருந்து வந்ததுன்னு தோண்டினா, 1931ல கேம்பிரிட்ஜ்ல கூடின சி.ஐ.ஈ. அமைப்பு ஏத்துக்கிட்ட 'நிலையான பார்வையாளர்' கணக்குல போய் முடியுது. அதுக்கு ஆதாரம் ரெண்டு சோதனைகள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில டேவிட் ரைட் 10 பேரை உக்கார வெச்சார். டெடிங்டன் தேசிய இயற்பியல் கூடத்துல ஜான் கில்ட் 7 பேரை உக்கார வெச்சார். கையை நீட்டிப் பார்த்தா கட்டை விரல் அகலத்துக்கு, அதாவது 2 டிகிரிக்கு, ஒரு சின்ன வட்டம். அதுல பாதியில ஒரு நிறம், மறு பாதியில மூணு நிறத்தைக் கலந்து அதே மாதிரி ஆக்கணும். 10 + 7 = 17 பேர். அவங்களோட சராசரிக் கண்ணுதான் இன்னிக்கு உலகத்துல இருக்கிற கேமரா, டிவி, சினிமா ப்ரொஜெக்டர் எல்லாத்துக்கும் அளவுகோல். 12 பிட்டுல நாம அடைச்சு அனுப்புற ஒவ்வொரு சினிமா ஃபைலும் அந்தக் கணக்குலதான் எழுதப்படுது.

இது இத்தனை வருஷமும் எப்படிப் பிரச்சினையாகலைன்னா, விளக்கு நல்ல விளக்கு. கார்பனும் செனானும் எல்லா அலைநீளத்தையும் அகலமா கொடுத்ததால, ஆளுக்கு ஆள் கண்ணுல இருக்கிற சின்ன வித்தியாசங்கள் சராசரியாகி அமுங்கிப் போச்சு. லேசர் அப்படி இல்ல. மூணே மூணு மெல்லிய ஊசி. உங்க கண்ணுல நீல உணர்வு ஒரு சில நானோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஊசி குத்துற இடத்துல வித்தியாசம் பெரிசாயிடும். வயசானா கண் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை வடிகட்டும். அதனால அறுபது வயசுக் கண்ணும் இருபத்தெட்டு வயசுக் கண்ணும் ஒரே லேசர் வெள்ளையை வேற வேறயா பாக்குறது இயற்கை. இதுக்குப் பேர் பார்வையாளர் மெட்டாமெரிசம்.

1931 கணக்கு நீலப் பக்கம் கொஞ்சம் பிசகுதுன்னு ஜட் 1951லேயே திருத்தம் சொல்லிட்டார். வயசையும் கணக்குல எடுக்கிற புதுச் சூத்திரத்தை சி.ஐ.ஈ.யே 2006ல வெளியிட்டுடுச்சு. ஆனா ஊர்பூரா மீட்டர், மென்பொருள், விதிமுறை எல்லாம் 1931லேயே நிக்குது. பழைய கோடை மாத்த யாருக்குத் தைரியம்? மென்பொருள்காரங்களுக்கு இந்த வலி நல்லாவே புரியும். எழுதினவங்க யாரும் இல்ல, ஆனா எல்லாமே அது மேலதான் ஓடுது.

சரி, யார் கண்ணு?

படம் மங்கலா தெரிஞ்சா பல்பை மாத்தலாம். நிறம் ஆளுக்கு ஆள் மாறினா யாரை மாத்தறது? முன்னாடி ப்ரிவ்யூ அறையில ஒளிப்பதிவாளர் "சரி"ன்னு சொன்னா, அது அறையில இருந்த எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே "சரி". லேசர் அறையில அவர் சொல்ற "சரி" அவர் கண்ணுக்கான சரி. அதை நோக்கி எண்களை நகர்த்தினா, வேற விளக்குல ஓடுற தியேட்டர்கள்ல அந்த வேட்டி வேற நிறத்துல காயும். பழைய படங்கள் விஷயத்துல இன்னும் சிக்கல். கார்பன் வெளிச்சத்துல பார்த்து முடிவு பண்ண நிறத்தை, இன்னிக்கு லேசர் அறையில உக்காந்து புதுப்பிக்கிறோம். அன்னிக்கு "சரி" சொன்ன கண்ணும் இல்ல, அந்த விளக்கும் இல்ல.

இதுக்காக லேசர் வேண்டாம்னு சொல்லமாட்டேன். நிலையான வெளிச்சம், ஆழமான கருப்பு ரெண்டும் செனான்ல கனவுலதான் கிடைக்கும். 2017ல சியோல்ல ப்ரொஜெக்டரே இல்லாத எல்ஈடி திரையும் வந்தாச்சு. அங்கேயும் மெல்லிய நிறங்கள்தான், அங்கேயும் இதே கேள்வி காத்திருக்கு. என்ன பண்ணலாம்னா, சில அறைகள்ல மீட்டரோட நிறுத்தாம, பக்கத்துல ஒரு தெரிஞ்ச விளக்கை வெச்சு, வேற வேற வயசுக்காரங்களைக் கூப்பிட்டு, கண்ணால ஒப்பிட்டு வெள்ளையைச் சரி பண்றாங்க. 1920கள்ல ரைட்டும் கில்ட்டும் பண்ண அதே வேலை. ஆள் மட்டும் உள்ளூர் ஆள். அந்த அளவுகோல்ல நம்ம ஊர்க் கண்ணும் கொஞ்சம் ஏறட்டுமே!

அடுத்த தடவை லேசர்த் திரை முன்னாடி உக்காந்தா மூணு காரியம் பண்ணிப் பாருங்க. ஆகாயம் வரும்போது தலையை லேசா ஆட்டுங்க, மினுமினுப்பு ஓடுதான்னு. முழு இருட்டுக் காட்சியில திரையைப் பாக்காம சுவரைப் பாருங்க, வெளிச்சம் எங்கே போய் ஒட்டுதுன்னு. அப்புறம் பக்கத்து சீட்ல அப்பாவோ தாத்தாவோ இருந்தா, வெள்ளை வேட்டி வர்ற காட்சியில மெதுவா கேளுங்க, என்ன நிறம்னு. பதில் வித்தியாசமா வந்தா பின்னூட்டத்துல வயசோட சொல்லுங்க. பதினேழு பேரைத் தாண்டுறோமான்னு பார்ப்போம் :-)

டிஸ்கி: "நாலு மீட்டர் திரை வைக்க உன் வீட்டுல இடம் இருக்கா?"ன்னு கேக்கப் போற நண்பர்களுக்கு: நான் இருக்கிறது ஒரு பெட்ரூம் வாடகை வீடு. என் ப்ரிவ்யூ தியேட்டர் 15.6 இன்ச் லேப்டாப்.